ராணி ஜோடியோடு விராலிமலைக்கு

கோட்டைப்பட்டினத்தில் வந்து இறங்கிய அன்று எனக்குக் கிடைத்த முதல் விருந்து பழைய சோறும் சுட்ட கருவாடும். அக்காள் மகள் கல்யாணத்துக்கென்று கடல் கடந்து வந்த தம்பிக்கு இதையா வைப்பது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் என் லாத்தாவைக் கடிந்துகொண்டார்கள். அக்காள் மேல் தப்பில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஓர் ஈயச் சுரங்கக் கம்பெனியின் மெஸ்ஸில் பன்னிரண்டு வருஷமாக நான் சமையல்காரன். அங்கே கருவாட்டை அடுப்பில் காட்டினால் துரைமார் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள்.

"நல்லாச் சாப்புடு தம்பி. கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. சமைக்கிறவனுக்குக் கன்னம் ஒட்டுமா?" என்றாள் லாத்தா.

"மத்தவங்களுக்கே சமைச்சா ஒட்டத்தான் செய்யும்" என்றேன்.

கல்யாணம் மூன்று நாள் நடந்தது. நெய்ச்சோறும் ஆட்டிறைச்சி ஆணமும் சாப்பிட்டுச் சாப்பிட்டு, ஈப்போவில் சீனன் கடையில் காலையில் குடிக்கும், மீஹூன் என்கிற அரிசிச் சேமியா போட்ட சூடான சூப்புக்கு நாக்கு ஏங்கத் தொடங்கியது. அங்கே இருந்தால் இதற்கு ஏங்கும், இங்கே வந்தால் அதற்கு. ஊரார் என்னைச் சபராளி என்றார்கள். வெளிநாடு போய் வருகிறவனுக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். சம்பளம் எவ்வளவு, அங்கே மழை எப்படி, யானை உண்டா என்று எல்லாம் கேட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்?

நான்காம் நாள், விராலிமலைக்குப் போய் வருகிறேன் என்றதும் லாத்தா முழித்தாள்.

"அங்கிட்டு யாரு இருக்கா நமக்கு?"

"மெஸ்ஸுல என்கூட வேலை பாத்தவர். அடைக்கலம்னு பேரு. அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கடுதாசி போட்டுக் கேட்டா ஆகாதா?"

"ஆகாது லாத்தா. மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்."

நான் கப்பலேறிய காலத்தில் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைவிட்டு ஓடின. இப்போது அடுப்பைக் காணோம். முன்னேற்றம்தான் என்று நினைத்தேன். அறந்தாங்கி தாண்டிய கொஞ்ச தூரத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கமிருந்து ஆவி. கண்டக்டர் ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தார். போன கோடையில் வற்றிய கண்மாய். அவர் எப்போது திரும்புவார் என்று டிரைவருக்கே தெரியவில்லை.

இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண், பலாப்பழம் விற்கப் புதுக்கோட்டைக்குப் போகிறவர். ஒரு பழத்தை அங்கேயே பிளந்து, கேட்காமலே எனக்கு ஐந்து சுளை கொடுத்தார். "எறங்குற எடத்துல நசுங்கிப் போறத இங்கிட்டே தின்னுபுடலாம்ல" என்றார். மலாயாவில் இதே பழத்தின் தங்கச்சி போல ஒன்று உண்டு, சம்படாக் என்பார்கள் என்று சொன்னேன். "எதுக்கு அம்புட்டுத் தூரம் போயி அதத் தின்னீங்க?" என்று கேட்டார். சுளையைத் தின்றேன்.

டின் தண்ணீர் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நான் ஏன் விராலிமலை போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மெஸ்ஸில் டெக்சாஸ் பக்கத்து அமெரிக்க இஞ்சினியர் ஒருவர் இருந்தார். ஞாயிறு மதியம் போக்கர் ஆடுவார். பரிமாறப் போகும் நாங்கள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டோம். நான் குழம்பு வைப்பவன். அடைக்கலம் ரொட்டி சுடுபவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். அவரவர் மட்டும் பார்க்கலாம். பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டை மலர்த்துவார்கள். அப்புறம் ஒன்று, கடைசியில் இன்னொன்று. கையில் இருப்பதும் நடுவில் இருப்பதும் சேர்ந்து யாருக்குப் பெரிதாக அமைகிறதோ அவருக்கு வெற்றி. இடையிடையே பந்தயம் வைக்கலாம். எதிராளி வைத்ததற்குச் சமமாக வைக்க மனமில்லை என்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலக வேண்டும். விலகியவனுக்கு எதிராளி தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. இந்தக் கடைசி விதிதான் பத்து வருஷமாக என்னை அரித்தது.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனபோது, இருவருமே ஊருக்குப் போக லீவு கேட்டோம். மலைக்காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். புது ஆள் கிடைப்பது அரிது. "ஒருவன் போகட்டும். அவன் ஆறு மாதத்தில் திரும்பியதும் அடுத்தவன் போகலாம். யார் முதலில் என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

"துண்டு எழுதிப் போட்டு எடுப்போம் மாப்ள" என்றார் அடைக்கலம்.

"வேணாம் மாமா. சீட்டாடி முடிவு பண்ணுவோம்" என்றேன் நான்.

அவரைவிட நான் நன்றாக ஆடுவேன். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

என் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. நான் சபூராவைக் கல்யாணம் செய்து நாற்பது நாளில் கப்பலேறியவன். "வருகிற ரமலானுக்குள் வந்து சேராவிட்டால் பெண்ணுக்கு விடுதலை கொடுத்துவிடு" என்று மாமனார் எழுதியிருந்தார். அதை நான் அடைக்கலத்திடம் காட்டவில்லை. வெட்கம்.

மதிய பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, தகரக் கூரையில் மழை அடிக்க, ஆளுக்கு ஐம்பது தீக்குச்சிகளோடு உட்கார்ந்தோம். யார் குச்சி முதலில் தீர்கிறதோ அவர் தங்க வேண்டும். ஒரு மணி நேரம் ஏறக்குறையச் சமமாகவே போனது. அப்போது எனக்கு வந்தது ராணி ஜோடி. ஆடுதன் ராணி, ஸ்பேடு ராணி. நான் தாராளமாக வைத்தேன்; அவரும் ஈடு கொடுத்தார். என் குச்சிகளில் பாதிக்கு மேல் நடுவில் கிடந்தது. மூன்று சீட்டை மலர்த்தினோம். ஸ்பேடு ஆஸ். கிளாவர் ராஜா. டைமன் நாலு.

அடைக்கலம் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மீதி இருந்த குச்சி முழுவதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

கையில் நல்ல ஜோடி இருக்கும்போது அதைவிடப் பெரிய சீட்டு நடுவில் விழுவது போன்ற வேதனை இந்த ஆட்டத்தில் வேறில்லை. கைக்கு வந்தது கெட்டுப் போகவில்லை. அதே இரண்டு ராணிகள்தான். ஆனால் எதிராளியிடம் ஓர் ஆஸ் இருந்தால், ஒரு ராஜா இருந்தால், ராணிகளால் ஒன்றும் ஆகாது. நாலைந்து பேர் ஆடினால் யாரிடமாவது இருக்கும், விட்டுவிடலாம். எதிரே இருப்பது ஒரே ஆள் என்றால் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தாக்குப் பிடிக்க வேண்டும். இது கணக்கு. ஆனால் கணக்கு போதாது, ஆளையும் பார்க்க வேண்டும். அடைக்கலம் அதுவரை ஒருநாளும் வெறுங்கையோடு ஒரு குச்சிகூட வைத்தவரில்லை. பொய் அவருக்கு முகத்தில் நிற்காது. அப்படிப்பட்டவர் முழுவதையும் தள்ளுகிறார்.

நான் சீட்டைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் தன்னுடையதை மற்றவற்றோடு கலந்துவிட்டார். என்னிடம் மிஞ்சிய குச்சிகள் அடுத்த கால் மணியில் போயின.

அடுத்த மாதம் அவர் ஊர் போனார். திரும்பவில்லை. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று ஒரே ஒரு கார்டு வந்தது. அதை நான் முழுதாக நம்பவில்லை. மானேஜர் என்னை விடவில்லை. ரமலான் வந்தது, போயிற்று. ஜமாத்துக்கு எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதன்பின் லீவு கொடுத்தபோதெல்லாம் வேண்டாம் என்றேன். அந்தக் கவிழ்த்த சீட்டு இரண்டும் என்ன என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆஸ் வைத்திருந்தார் என்றால் நான் செய்தது சரி. என்ன செய்திருந்தாலும் சபூரா எனக்கில்லை. வெறுங்கை என்றால்...

பஸ் கிளம்பிவிட்டது.

புதுக்கோட்டைக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். நான் போனபோது இது தனிச் சமஸ்தானம். ராஜா இருந்தார், அம்மன் காசு செல்லும். இப்போது திருச்சி ஜில்லாவில் ஓர் ஊர். தெருக்கள் மட்டும் அதே நேர்கோட்டில் கிடக்கின்றன. ஈப்போவில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் எங்கேயாவது வளைத்து விடும். இங்கே ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். திருக்கோகர்ணத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். இட்டிலியும் மல்லித் துவையலும் கொடுத்தார்கள். மறுநாள் காலை விராலிமலை.

திருச்சி மதுரை ரோட்டோரமாக ஒரு கீற்றுக் கொட்டகை. வாசலில் இரண்டு லாரி. பின்னால் களிமண் பூசிய பெரிய ரொட்டி அடுப்பு. அதன் சூட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மயில் ஏறி நின்றிருந்தது. அடுப்புக்குள் தலையை விட்டிருந்த ஆளின் முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பன்னுங்களா, டீயுங்களா?" என்றார் திரும்பாமலே.

"கையில ராணி ஜோடி இருக்கு மாமா. வைக்கவா, கவுக்கவா?"

பன் தட்டு கீழே விழுந்தது. "அட எங்க மாப்ள!" என்று மாவுக் கையோடு கட்டிக்கொண்டார். என் கறுப்புச் சட்டையில் இரண்டு வெள்ளைக் கை பதிந்தது. லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

அவர் மனைவி அஞ்சலையை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். உயரமாக, அதிகம் பேசாதவராக இருந்தார். மதியத்துக்குக் கோழிக் குழம்பு. நான் தயங்குவதற்குள் அவரே சொன்னார்: "பள்ளிவாசல் அசரத்துக்கிட்டக் குடுத்து அறுத்து வாங்கியாந்தேண்ணே. நம்பிச் சாப்புடுங்க." மூன்று முறை சோறு வாங்கினேன். உறவல்லாத ஒருவர் எனக்காக நினைத்துச் சமைத்தது பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ருசியை விவரிக்கத் தெரியவில்லை.

சாப்பிட்டபின் சாக்கை விரித்து, நான் கொண்டுபோன சீட்டுக்கட்டைப் பிரித்தேன். இரண்டு ராணிகளை என் முன்னால் வைத்தேன். நடுவில் ஆஸ், ராஜா, நாலு.

"இது எது?" என்றார் அடைக்கலம்.

"ஞாபகமில்லையா மாமா? அன்னைக்கு நீங்க எல்லாத்தையும் தள்ளுனீங்களே. நான் இந்த ராணி ஜோடியக் கவுத்துட்டேன். ஒங்க கையில என்ன இருந்துச்சு?"

அவர் சீட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதக் கேக்கவா அங்கேயிருந்து வந்த?"

"ஆமா."

"சத்தியமாச் சொல்றேன் மாப்ள, எனக்குத் தெரியாது."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. பாக்கவே இல்லை. அன்னைக்குக் காலையிலதான் ஊர்லருந்து கடுதாசி வந்துச்சு. நான் கப்பலேறுறப்ப இவ வயித்துல இருந்த புள்ள, ஒன்னரை வயசுல போயிருச்சு. அதுக்கப்புறம் இவ யாருக்கிட்டயும் வாயத் தொறக்கலை, பித்துப் புடிச்சவ மாதிரி இருக்கான்னு மாமனார் எழுதியிருந்தாரு. சீட்டத் தூக்கிப் பாத்தேன், கண்ணுல தண்ணி. செவப்பா ரெண்டு தெரிஞ்சுச்சு. அம்புட்டுத்தான். தொடச்சுப் பாத்தா பயம் வந்துரும்னு அப்படியே தள்ளிட்டேன்."

சிவப்பாக இரண்டு. ஆடுதன் ஆஸாக இருக்கலாம். டைமன் ராஜாவாக இருக்கலாம். இரண்டும் மூன்றுமாகவும் இருக்கலாம். அந்தச் சீட்டுகளை உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா. நான் விட்டுக் குடுத்திருப்பேனே."

"ரெண்டு வருசம் ஒரே அடுப்படியில நின்ன ஆளுக்கிட்ட அழுதுகிட்டுக் கேக்க மனசு வரலைப்பா. ஒனக்கென்ன, நீ சின்னப்பய, அடுத்த லீவுக்குப் போவேன்னு நெனச்சேன்."

அப்போது நான் என் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சபூராவைப் பற்றிச் சொன்னேன். வாசலில் ஹாரன் அடித்தது, அடைக்கலம் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "நீயும் சொல்லலியே மாப்ள" என்றார். மறுபடி ஹாரன் அடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

தட்டுகளை எடுக்க வந்த அஞ்சலை எடுக்காமல் நின்றார்.

"அண்ணே. பாஸ்போட்டு தொலையலை."

நான் நிமிர்ந்தேன்.

"நாந்தான் அடுப்புல வச்சேன். அவரு பெட்டியக் கட்டிக்கிட்டு இருந்தாரு. நான் அப்பத்தான் வாயத் தொறந்து நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருந்தேன். பஸ்ஸுல எவனோ அடிச்சுட்டான்னு இன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்காரு. அங்கிட்டு ஒங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு காத்துக்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாதுண்ணே." கொஞ்சம் நிறுத்தினார். "தெரிஞ்சிருந்தாலும் வச்சிருப்பேன். பொய் சொல்லக் கூடாதுல்ல."

கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன். வரவில்லை. நாற்பத்தோராம் நாள் காலை ஞாபகம் வந்தது. சபூரா என் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். கப்பல் டிக்கெட்டைக் கைக்குட்டையில் முடிந்து, மறந்துவிடாதீர்கள் என்று மேலாக வைத்தாள். அவள் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அவருக்கிட்டச் சொல்லட்டுமாண்ணே?" என்றார் அஞ்சலை.

"வேணாம் தங்கச்சி. பஸ்ஸுல போனதாவே இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் காலை கிளம்பும்போது அடைக்கலம் ஒரு கூடை பன் கொடுத்தார். பஸ் புறப்படும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

புதுக்கோட்டை ஸ்டாண்டில் இறங்கி அறந்தாங்கி பஸ்ஸைத் தேடினேன். பக்கத்தில் ஒரு கண்டக்டர் பலகையைத் தட்டிக் கூவிக்கொண்டிருந்தார். "கறம்பக்குடி, கறம்பக்குடி, எடம் இருக்கு வாங்க!" சபூராவை மறுபடி கட்டிக்கொடுத்தது அந்த ஊருக்குத்தான். பலசரக்குக் கடைக்காரர், இரண்டு பிள்ளைகள் என்று கல்யாண வீட்டில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. போவதில்லை என்று முடிவு செய்துதான் ஊரிலிருந்து கிளம்பியிருந்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கறம்பக்குடியில் அன்று சந்தை. வண்டிமாடுகளும் முந்திரிக்கொட்டைச் சாக்குகளுமாக நடக்க வழியில்லை. விசாரித்த மூன்றாவது ஆள் கடையைக் காட்டிவிட்டார். தெருவைப் பார்த்த கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பூப்போட்ட திரை. கல்லாவில் வெள்ளைத் தொப்பி போட்ட மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். அவரை வெறுப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன்.

"என்ன வேணுங்க?"

"கருப்பட்டி இருக்குங்களா?"

"இருக்குங்க." நிறுத்தார். தட்டு சமமானபின் இன்னும் ஒரு சில்லை உடைத்து மேலே போட்டார். "எங்கிட்டிருந்து வாரீங்க? சந்தைக்கா?"

"ஆமாங்க. கடக்கரைப் பக்கம்."

திரைக்குப் பின்னால் யாரோ அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்படிங்களா? எங்க வீட்லயும் அந்தப் பக்கந்தான். கோட்டைப்பட்டினம். நீங்க?"

"மணமேல்குடிங்க" என்றேன். பக்கத்து ஊரின் பெயர்.

அவர் சந்தோஷமாகத் திரைப் பக்கம் திரும்பினார். "இந்தா, ஒங்க பக்கத்து ஆளு ஒருத்தர் வந்திருக்காரு. மணமேல்குடியாம்."

பிறகு, "வெயில்ல வந்திருப்பாங்க. தண்ணி குடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்று அந்தக் குரல்.

திரையின் ஓரமாக ஒரு கை வந்தது. விரல்களில் அரைத்த மிளகாயின் சிவப்பு. ஒரு டம்ளரை நீட்டியது. கடைக்காரர் வாங்கி என்னிடம் கொடுத்தார். தண்ணீரில் மல்லி வாசனை இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். கருப்பட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன்.

"இருந்து சாப்பிட்டுப் போகலாமேங்க" என்றார் அவர். மனமாரத்தான் சொன்னார்.

"இல்லீங்க, பஸ் போயிரும். வாரேன்."

"நல்லபடியாப் போயிட்டு வாங்க."

படியிறங்கித் தெருவில் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் மாடுகளும் மனிதர்களும் போட்ட இரைச்சலுக்கு நடுவே காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு மெதுவாக நடந்தேன். தெருமுனை வரும்வரை அந்த அம்மிச் சத்தம் மறுபடி கேட்கவில்லை.